வெள்ளிக்கிழமைத் துடைப்பம்

கெர்லிண்ட் மௌத்தேயை வேலையை விட்டு அனுப்ப இரண்டே வழிகள்தான் இருந்தன. அந்தம்மா ஓய்வு பெறும்வரை எட்டு வருடம் காத்திருக்கலாம். அல்லது அவரைத் திருடியாக்கலாம். ஷ்ட்ரூவே பொறுமைசாலி அல்ல.

ஹாம்பர்கிலிருந்து இந்த ஷ்டுட்கார்ட் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணினிப் பிரிவின் தலைவராக வந்து ஒரு வருடம் ஆகிறது. அடித்தளத்தில் ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு நிற்கும் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் வெளியே வாடகைக் கணினிகளுக்கு மாற்றிவிட்டால் அவருக்கு இயக்குநர் குழுவில் நாற்காலி நிச்சயம். ஆனால் அந்த ஒற்றைப் பெட்டிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு லினக்ஸ் சர்வர்களை வைத்து, ஒன்றுகூடத் தும்மாமல் கெர்லிண்ட் நடத்திக்கொண்டிருந்தார். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு விற்க வேண்டும் என்று பெரிய இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார்.

இத்தனைக்கும் மாற்றத் திட்டத்தை ஷ்ட்ரூவே பத்திரப்படுத்தியிருந்தது அதே பெட்டிக்குள், தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரு சர்வரில்தான். அங்கேதான் எதுவும் தொலைவதில்லை.

அந்தம்மாவின் நிர்வாகமே ஒரு தினுசு. இந்த ஊரில் மாடிப்படி பெருக்கும் முறை எந்த வீட்டுக்கு வருகிறதோ, அந்த வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். அதை அப்படியே ஆபீசுக்குக் கொண்டுவந்துவிட்டார். துடைப்பம் வரைந்த பலகை யார் மேசையில் தொங்குகிறதோ, அவர் வெள்ளிக்கிழமை காலையில் சர்வர்களை எல்லாம் துடைத்துப் புதிதாக்க வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று புதுத் தலைவருக்கு விளக்க முதல் வாரமே வந்தார். இரண்டாவது நிமிடத்தில் ஷ்ட்ரூவே கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெருக்குறத எல்லாம் நீங்களே பாத்துக்குங்க, ஃப்ராவ் மௌத்தே. எங்க ஊர்ல அதுக்கு ஆள் வெச்சிருக்கோம்."

கெர்லிண்ட் சிரிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஷ்ட்ரூவேயின் திட்டம் எளிமையானது. நிறுவனத்தின் கணினியில் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ காசு தோண்டும் நிரல் ஒன்றை கெர்லிண்டின் சர்வரில் போட்டு வைப்பது. அது ஓட வேண்டியதுகூட இல்லை, இருந்தால் போதும். ஓடினால் பெட்டி திணறி, அந்தம்மா அன்றைக்கே மோப்பம் பிடித்துவிடுவார்.

எது அவருடைய சர்வர் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஹில்டா என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தார். புதிதாக எது வந்தாலும் முதலில் ஹில்டாவுக்குத்தான். வேறு யாரையும் அதன் கிட்டே விடமாட்டார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வழக்கம்போல கேன்டீனில் பருப்பும் ஷ்பெட்ஸ்லெ நூடுல்ஸும். கட்டடமே காலியானது. அவசரத்துக்கென்று பெட்டகத்தில் வைத்திருக்கும் கடவுச்சொல் உறையை ஷ்ட்ரூவே பிரித்தார், நுழைந்தார், நிரலைப் போட்டார், உறையை மறுபடி ஒட்டினார். அந்தக் கடவுச்சொல்லில் யார் நுழைந்தாலும் ஒரே பொதுப் பெயர்தான் பதிவாகும், ஆள் யாரென்று தெரியாது.

இருக்கைக்குத் திரும்பியபோது, வாரா வாரம் வரும் அறிவிப்பு வந்திருந்தது: நாளை துப்புரவு, ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கவும். இதுவரை அதை அவர் திறந்துகூடப் பார்த்ததில்லை. இன்று பகீரென்றது. தணிக்கைப் பிரிவுக்கு அனுப்பப்போகும் மொட்டைக் கடிதம் பாதி எழுதிய நிலையில் அவருடைய சர்வரில் கிடந்தது. துடைக்கிறேன் பேர்வழி என்று அதையும் எவனாவது துடைத்துவிட்டால்? 'என் சர்வரைத் தொட வேண்டாம்' என்று உடனே பதில் போட்டார்.

திங்கட்கிழமை மொட்டைக் கடிதம் போனது. புதன்கிழமை தணிக்கைப் பிரிவின் ஃப்ராவ் ஐசெலெ ஒரு மெல்லிய கோப்போடு அவர் அறைக்கு வந்தார். கடிதத்தில் எழுதியிருந்தது உண்மைதான், ஹில்டாவில் நிரல் இருக்கிறது என்றார்.

ஷ்ட்ரூவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இத்தனை வருட அனுபவம் உள்ள ஒருவர் இப்படிச் செய்வாரென்று யார் நினைத்தார்கள் என்று வருத்தப்பட்டார்.

"அவங்க செய்யல," என்றார் ஐசெலெ. "நிரல் உள்ள வந்தது வியாழக்கிழமை பதினொன்னே முக்காலுக்கு. அப்போ அவங்க என் எதிர்ல ஒக்காந்து பருப்பு சாப்பிட்டுட்டு இருந்தாங்க."

"அப்போ வேற யாரோ."

"ஆமா, வேற யாரோ. இன்னொரு விஷயம். ஹில்டா அவங்க சொந்த சர்வரே இல்ல. அதுதான் தாய். வெள்ளிக்கிழமை தொடைக்கிறதுன்னா, ஒவ்வொரு சர்வர்லயும் பழைய சிஸ்டத்தத் தூக்கிட்டு ஹில்டாவோட நகலப் போடுறது, அவங்கவங்க கோப்பெல்லாம் அப்படியே இருக்கும்."

ஷ்ட்ரூவே மனதுக்குள் கணக்குப் போட்டார். ஹில்டாவில் போட்டது தன் சர்வருக்கும் வந்து சேர்ந்திருக்குமே! அடுத்த நொடியே அந்த மெயில் ஞாபகம் வந்தது. தன் சமயோசிதத்தைத் தானே மெச்சிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"என் சர்வரையும் தாராளமா சோதிச்சுப் பாருங்க, ஃப்ராவ் ஐசெலெ. எனக்கு ஒளிக்க எதுவும் இல்ல."

"பாத்துட்டோம். அதுல நிரல் இல்ல. சுத்தமா இருக்கு."

ஷ்ட்ரூவே பெருந்தன்மையோடு புன்னகைத்தார். ஐசெலெ கோப்பிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவருடைய மெயில்தான். வியாழன், பகல் பன்னிரண்டு பத்து.

"மிச்சம் நானூத்திப் பதினொன்னுலயும் அந்த நிரல் இருக்கு, ஹெர் ஷ்ட்ரூவே, அது வந்த இருபத்தஞ்சாவது நிமிஷத்துல 'என்னோடத மட்டும் தொடாதீங்க'ன்னு எழுதிக் கேட்டுக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்."