பட்ட பாடு

முதலில் சலவைக்காரன் சூடு வைத்தான். பிறகு சூளைக்காரன் காலை ஒடித்தான். கடைசியில் சந்தைக்காரன் பட்டினி போட்டு விரட்டினான். இதை வரிசை பிசகாமல் சொல்லி முடித்த கழுதை கூளையன், மந்தையையே சீடர்களாகக் கொண்ட மேய்ப்பரிடம் உரிமையோடு கேட்டது: "இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். உங்கள் சீடர் பட்டியலில் என் பெயர்தானே முதலில்?"

"அண்ணே, அதெல்லாம் ஓட முடியாமப் பட்ட பாடு!" என்று சிரித்தது வெள்ளாடு.

மேய்ப்பர் சொன்னார்: "முதல் பெயருக்கு உரியவன் நாளை ஓநாய்க் கணவாயில் என்னோடு முன்னால் நடக்க வேண்டும். கயிறு கட்டி இழுக்க மாட்டேன்."

கூளையனுக்குப் புரியவில்லை. பட்ட பாட்டுக்குக் கூலி இன்னும் பாடா? இது பதவியா, தண்டனையா? ஓடிவிடலாம் என்று நினைத்தது. கால்கள் ஏனோ அங்கேயே நின்றன.

மேய்ப்பர் மந்தையைச் சாட்சியாக நிறுத்தி, பட்டியலைப் பிரித்து உரக்க வாசித்தார்:

"கூளையன்!"