ஒரே தட்டில் இரண்டு தொட்டி

ஆராய்ச்சிக்கூடத்து ஜன்னலில், ஒரே தட்டின் மேல் இரண்டு தொட்டி. இரண்டிலும் அவரைச் செடி; ஒன்று அக்கா, இன்னொன்று தங்கச்சி. அக்காவுக்குத் தினமும் தண்ணீர் உண்டு. தங்கச்சிக்குக் கிடையாது. தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கிறார்களாம்.

தங்கச்சியின் இலையெல்லாம் சுருண்டுபோனது.

"அக்கா, நான் போயிடுவேன் போல."

"வாயைக் கழுவுடி!" என்றது அக்கா. பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மீதியைத் தொட்டி ஓட்டை வழியாகத் தட்டில் விட்டது. "வேரைக் கீழே நீட்டிக் குடி."

ஒரு நாள் தங்கச்சி பூத்தது. ஆராய்ச்சி செய்கிற பூங்கோதை மேடம் ஓடிவந்து, "தண்ணியே இல்லாமப் பூத்திருக்கே!" என்று கை தட்டினார்.

தங்கச்சிக்கு வெட்கமாகிவிட்டது. "பாவம்க்கா, அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?"

"சொன்னா நம்மைத் தனித்தனித் தட்டுல வச்சிடுவாங்கடி."

தங்கச்சி இன்னொரு பூ பூத்தது.