தெருமுனைப் பள்ளம்

மழைத்தண்ணீர் வீடுகளுக்குள் புகாமல் மண்ணிலேயே இறங்கட்டும் என்று தெருமுனையில் பள்ளம் வெட்டி, மணலும் சரளையும் போட்டு, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டு மழைத்தோட்டம் அமைத்திருந்தாள் எமில்டா. எதிர்வீட்டுச் செங்குட்டுவன் கார் நிறுத்துவதற்காக அதில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடிவிட்டான்.

அடுத்த பெருமழையில் தெரு முழுக்க வெள்ளம். எமில்டா மண்வெட்டியோடு போய் இடிபாட்டைத் தோண்டத் தொடங்கினாள். செங்குட்டுவன் கடப்பாரையோடு ஓடிவந்தான்.

"கைய எடுடி! என் கார் நிக்கிற இடம் இது."

"உங்க வீட்டுக்குள்ளயும்தான் தண்ணி ஏறுது. திரும்பிப் பாருங்க."

அவன் திரும்பவில்லை. கடப்பாரையைச் சுழற்றி அடித்தான். அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. கண் இருட்டிக்கொண்டு வர மண்டியிட்டவள், வலது கையால் செங்கற்களைப் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தாள். அவன் மறுபடி ஓங்கினான்.

அதற்குள் அவன் மனைவி பூங்கோதை கைக்குழந்தையோடு தண்ணீரில் தத்தளித்து வந்து சேர்ந்தாள். பிள்ளையை எமில்டாவின் மடியில் திணித்துவிட்டு, கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துப் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"தொட்டில் வரைக்கும் தண்ணி வந்துருச்சு. தள்ளு."

அவன் பள்ளத்தை விட்டு நகரவில்லை. அவள் மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினாள்.