பச்சை மட்டும் தெரிந்த திரை

நெல் கொள்முதல் நிலையத்தின் பழைய கம்ப்யூட்டர் திரைக்குத் தெரிந்த நிறம் பச்சை ஒன்றுதான். ஈர நெல்லைச் சிவப்பிலும் காய்ந்ததைப் பச்சையிலும் காட்டும்படி அனுராதா எழுதிய புரோகிராம், அதில் எல்லா நெல்லையும் காய்ந்ததாகவே காட்டுகிறது. அதை நம்பிக் கட்டிவைத்த ஞானாம்பாளின் மூட்டைகள் முளைவிட்டுக் கிடக்கின்றன. வாசல் வெயிலில் ஒன்றை அவிழ்த்து, வெள்ளை முளைகளை அவள் விரலால் நீவுகிறாள். “ஏம்மா, உனக்குக் கலர் வருமான்னு அந்தப் பொட்டிய ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” “கேக்க ஒரு வரி போதும் அத்தை. நான்தான் எழுதல.” எங்களை யார் ஒரு வார்த்தை கேட்டீர்கள் என்று ஊர் விவசாயிகளுக்காக ஆபீஸ் ஆபீஸாகச் சண்டை பிடிக்கிற அனுராதா, தலை நிமிராமல் அந்த வரியைத் தட்டுகிறாள். வராது என்று திரை உடனே சொல்லிவிடுகிறது. ஞானாம்பாள் அடுத்த மூட்டையை அவிழ்க்கிறாள்.