மருதனின் காதுகுத்து

முதலில் மூக்கைக் குத்திக் கயிறு போட்டார்கள். அடுத்து காயடித்தார்கள். பிறகு குளம்பில் லாடம் அடித்தார்கள். அதன்பின் கொம்பைச் சீவினார்கள். மருதன் என்ற எருதுக்குக் கிழவயதில் மிஞ்சியது முழுக்காது மட்டும்தான். அதிலும் எண் போட்ட அடையாள வில்லை குத்த இன்று கால்நடைத் துறை ஆள் வந்துவிட்டார்.

மற்ற மாடுகள் திமிறின. மருதன் தானாகவே முன்னால் போய் நின்றது.

"இந்த வயசுல காதுகுத்தா அண்ணே? எந்த மாமன் மடியில உட்காரப் போற?" என்று வெள்ளாடு சிரித்தது.

"சிரிடா. காது குத்தினா நாலு பேர் முன்னால பேர் சொல்லணும், அதுதான் முறை. இத்தனை காலம் நம்மை ஹை, ஹோய்னுதானே ஓட்டினானுங்க? என் ஆத்தா வச்ச பேரை இன்னிக்கு அவன் வாயால சொல்லட்டும். எல்லாரும் வாங்க, சாட்சிக்கு நில்லுங்க."

மாடுகள் நம்பின. திமிறுவதை நிறுத்திவிட்டு, காதைக் கொடுக்க வரிசையில் வந்து நின்றன.

ஊசி இறங்கியது. மருதன் அசையவில்லை. கழுத்தில் ரத்தம் வழிந்தது.

"மாட்டுக்குப் பேர் என்னங்க?" என்று வந்தவர் கேட்டார்.

"அதுக்கென்ன பேரு? எதையாவது போடுங்க" என்றார் உடைமைக்காரர்.

வந்தவர் எழுதினார். எழுதியதைச் சரிபார்க்க, மந்தை முழுக்கக் கேட்கும்படி உரக்க வாசித்தார்:

"கிழட்டு மாடு."