அசையாமல் எடுத்த படம்

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய வளனுக்கு, அப்பாவைப் போலவே கைகால் தானாக உதறத் தொடங்கியது. அப்பா அந்தப் பரம்பரை நோய் முற்றி, எதிர்ப்பட்டவரையெல்லாம் அடித்து, ஐந்து வருடங்களுக்கு முன் செத்தவர். போன வாரம் வளனின் கை வீசியதில் மனைவி அமலோற்பவத்தின் முன்பல் உடைந்தது.

மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமைன் ஏற்பிகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். கதிரியக்க மருந்து ஏற்றியிருந்ததால் மகள் டயானாவை வராந்தாவிலேயே உட்கார வைத்தார்கள். ஸ்கேன் அறைக்குள் வளன் மட்டும் கிடந்தான்.

படம் துல்லியமாக வந்தது. மூளையின் நடுவே ஒளிர வேண்டிய இடம் இருண்டிருந்தது.

"இந்த நோய்க்காரங்க யாரும் இப்படி அசையாம படுத்ததில்ல," என்றார் டெக்னீஷியன்.

அமலோற்பவம் உள்ளே போனாள். வளனின் கழுத்தில் விரல்தடங்கள் கன்றியிருந்தன. மோதிரவிரல் பதிய வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மாமனாரின் அந்த விரலை நங்கூரக் கயிறு எப்போதோ அறுத்திருந்தது.

"யாரு பிடிச்சா?"

"அப்பாதான். 'அசையாதல, கொன்னுருவேன்'னு அமுக்கிட்டே இருந்தாவ."

அவனைத் தாங்கியபடி வெளியே வந்தாள். ஓரிடத்தில் நில்லாத டயானா, இமைகூட அசையாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்திலும் அதே விரல்கள் பதிந்திருந்தன.