தூதுவளை முள்ளு

"எந்தப் பாவி எங்க வேலித் தூதுவளையை மொட்டையடிச்சது?"

காலையிலேயே செல்வராணி போட்ட சத்தத்துல தெருவே வாசலுக்கு வந்துடுச்சு. அவ வாய் அப்படி!

அந்தத் தூதுவளை அவங்க வீட்டுப் பந்தயக் குதிரைக்காக வளத்தது. எலையைக் கருப்பட்டியோட இடிச்சு உருண்டை புடிச்சுக் குடுத்தா சளி அண்டாதாம். ஞாயித்துக்கெழமை கந்தர்வக்கோட்டையில குதிரை வண்டிப் பந்தயம் வேற.

திருடன் யாருன்னு செல்வராணிக்குச் சந்தேகமே இல்ல. முந்தாநாள்தான் ரியாசுதீன் வந்து கேட்டான்.

"அக்கா, என் குதிரை இருமிக்கிட்டே கெடக்கு. கொஞ்சம் எலை தாங்கக்கா."

"வருசா வருசம் எங்க வண்டியை முந்துற குதிரைக்கு எங்க எலையா? போ அங்கிட்டு!"

இப்ப புருசன் கார்முகிலையும் இழுத்துக்கிட்டு நேரா ரியாசுதீன் கொட்டகைக்குப் போனா. குதிரைத் தொட்டியில பச்சைப் பசேல்னு தூதுவளை!

"மாட்டுனியா? பந்தயக் கமிட்டியில சொல்லி ஒன் வண்டியை ஓட விடாமப் பண்றேன் பாரு!"

ரியாசுதீனுக்கு முகம் செத்துப் போச்சு.

"அல்லா மேல சத்தியமா நான் பறிக்கலக்கா. விடிஞ்சு பாத்தா வாசல்ல சாக்குல கெடந்துச்சு."

"கேக்குறவ கேனச்சியா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பியே! தூதுவளை முள்ளு பறிச்சவனைக் கிழிக்காம விடாது. காட்டு கையை!"

நீட்டினான். ஒரு கீறல் இல்ல.

செல்வராணி திகைச்சு நின்னா. அப்பத்தான் கவனிச்சா, கார்முகில் காலையிலேர்ந்து கையில சுத்துன துண்டை இன்னும் அவுக்கல.

"ஏங்க... அந்தத் துண்டை எடுங்க."

எடுத்தான். மணிக்கட்டு வரைக்கும் முள்ளுக் கீறல்.

"நீங்களா! இந்த வருசமாச்சும் நம்ம குதிரை ஜெயிக்கணும்னு நான் வேண்டாத சாமியில்ல. நீங்க என்னடான்னா..."

கார்முகில் நெஞ்சை நிமித்தினான்.

"ஜெயிக்கும்டி! ஆனா இருமுற குதிரையை முந்திட்டு மீசையை முறுக்கச் சொல்றியா? நம்ம குதிரைக்கு அது அவமானம்."

செல்வராணி ரியாசுதீன் பக்கம் திரும்புனா.

"வெறும் எலையைப் போட்டா இருமல் எப்படிக் கேக்கும்? உருண்டை புடிச்சுக் கொண்டாரேன், இரு. ஞாயித்துக்கெழமை ஒன் குதிரை ஒரு தடவை இருமட்டும், ஒன்னைச் சும்மா விட மாட்டேன்!"